அவையும் புதியவரும்

விருந்து என்னுஞ் சொல்லை நம்மவர் இன்று சோற்றோடு சேர்த்தே நினைக்கின்றனர். வாழையிலையும் வடையும் பாயசமுமே விருந்தென்று கொள்வார் பலர். ஆனால் அச்சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாம். புதிதாய் வந்தவனே விருந்து. அவனுக்கு இடும் உணவு பின்னரே அப்பெயரைப் பெற்றது. தொல்காப்பியனார் செய்யுளியலில் எண்வகை வனப்புக்களைக் கூறுமிடத்து, புதிதாகப் புனையப்பெறும் யாப்பிற்கும் விருந்து என்றே பெயரிட்டார். ஆகவே, புதிய மனிதனையும் புதிய நூலையும் ஒரே சொல்லால் அழைத்த மக்கள் நாம். இத்தகைய சொல்லைப் பெற்றிருந்தும், புதியவர் ஒருவர் நமது அவைக்குள் நுழையும்போது நாம் அவரை எங்ஙனம் நடத்துகிறோம், எங்ஙனம் நடத்தக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

ஆராய்ச்சிக்கு முன்னர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவராயிருக்கிறோம். ஸ்கூடாயில் தமிழன்பர் சிலர் மாதந்தோறும் ஓரிடத்திற் கூடி நூலொன்றைப் படித்து விவாதித்து வருகின்றனர். அக்கூட்டத்தின் காரியதரிசிப் பொறுப்பு சில ஆண்டுகளாக எம்மிடம் இருந்து வருகிறது. ஒரு மாதம் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பலை எடுத்துக்கொண்டோம். அன்று, தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் வந்து இவ்வூர் உணவுக்கடையொன்றிற் பரிமாறும் இளைஞர் ஒருவர், முதன்முறையாக வந்து பின்வரிசையில் அமர்ந்தார். நூல் கைவசம் இல்லையென்றார். ஒரு பிரதியைக் கொடுத்தோம். அதிகாரத்தின் கடைசிக் குறள் வந்தது. மோந்தால் வாடும் அனிச்சப் பூ. மாறிய முகத்தோடு நோக்கினாலே வாடிவிடும் விருந்தினர் உள்ளம் என்பது அதன் கருத்து. இளைஞர் எழுந்து, “ஐயா, இந்த அனிச்சப் பூவை இங்கு யாராவது பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

பழைய அங்கத்தினர் ஒருவர், “ஊரிலிருந்து வந்தவர் நீங்கள், நீங்களல்லவா எங்களுக்குச் சொல்ல வேண்டும்?” என்றார். சிரிப்பு எழுந்தது. அச்சிரிப்பைத் தடுத்திருக்க வேண்டிய நாமோ, “தம்பி, அதெல்லாம் முன்னமே பேசி முடித்தாயிற்று, நேரமாகிறது, மேலே போவோம்” என்று கூறிவிட்டோம். இளைஞர் அமர்ந்தார். அதன்பின் வாய் திறந்திலர். மறுமாதம் வந்திலர், அதற்கடுத்த மாதமும் வந்திலர்.

பின்னர் ஒருநாள் அக்கடைக்குத் தேநீர் அருந்தச் சென்றபோது அவரைக் கண்டோம். ஏன் வரவில்லை என வினவியதற்கு, “வேலை அதிகம், அண்ணே” என்று சொல்லி, நாம் கொடுத்த நூலைச் செய்தித்தாளிற் சுற்றி எடுத்து வந்து கொடுத்தார். வீடு சேர்ந்து பிரித்துப் பார்த்தால், நூலினுள்ளே கடையில் கணக்கெழுதும் சீட்டு ஒன்று இருந்தது. அதில் அவர் எழுதியிருந்தது இது: “மோந்தால் பூ வாடுவது மோப்பவனுக்குத் தெரியும். விருந்தாளி வாடுவது, அவன் முகத்தைப் பார்ப்பவனுக்குத்தானே தெரியும்? சாப்பிட வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் பரிமாறுகிறோம். எங்கள் முகத்தை யார் பார்க்கிறார்கள்?”

பூவைப்பற்றிய கேள்வி அவருடைய பேச்சின் வாயிற்படியே என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. விருந்தினர் அனிச்சத்தினும் மென்மையர், தொலைவிற் கண்டபோதே வாடுவர் என்று பரிமேலழகர் உரை கூறும். அம்மட்டோடு நின்றிருந்த எமக்கு, அவ்வாட்டத்தைக் காணாதிருப்பதே முதற்குற்றம் என்று ஒரு கடைச்சிப்பந்தி உணர்த்தினார். விருந்தோம்பலைப் படிக்கக் கூடிய அவையில் விருந்தினரின் முகத்தைப் பார்த்தவர் ஒருவருமில்லை!

நிற்க. இஃது ஒரு தனிமனிதரின் மனவருத்தம் என்று ஒதுக்கிவிடத்தக்கதன்று. ஒரு கூட்டத்தில் முன்னரே அமர்ந்திருப்போர், பின்னர் வருவோர்க்கு யாது கடன்பட்டிருக்கின்றனர்? வரவேற்பு என்பது மனமிருந்தால் காட்டும் தயவா? அன்றி, மறுத்தற்கியலாத கடமையா? இவ்வினாவிற்கு விடைகாண ஸ்கூடாயைவிடத் தக்க இடம் வேறில்லை.

ஏனெனில் இவ்வூரே வந்தவர்களால் உண்டான ஊர். ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் 1844-இல் ஸ்கூடாய் ஆற்றிற்குப் பத்திரம் வழங்க, அதைக் கொண்டு சீனர் காடழித்துக் காம்பிரும் மிளகும் பயிரிட்டனர். ஆற்றங்கரைக் குடியிருப்புக்களின் தலைவர்களான காங்சூக்களின் முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. ரப்பரும் வந்தது. ரப்பரோடு நம்மவர் வந்தனர். ரினித் தோட்டத்தின் பெயர் இன்று ஒரு குடியிருப்பின் பெயரில் எஞ்சி நிற்கிறது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இங்கேயே இருத்தலால் ஆண்டுதோறும் புதுமுகங்கள் வருகின்றன. சிங்கப்பூருக்கு விடியுமுன் புறப்பட்டு, 1924-இல் திறக்கப்பெற்ற கடற்பாலத்தைக் கடந்து வேலைக்குச் சென்று மீளுவோரும் இங்குக் குடியிருக்கின்றனர். இவ்வூரில் நான் பழையவன், நீ புதியவன் என்று ஒருவன் சொல்வானாயின், அவன் தன் பாட்டன் கப்பலிறங்கிய நாளை மறந்தவனே யாவான்.

புதிதாய் வந்திறங்கிய கூலியாளைச் சீனர் சிங்கே என்றழைத்தனர். புதிய விருந்தினன் என்பது அதன் பொருள். அழகிய பெயர்! ஆனால் அவ்விருந்தினன் தன் கப்பற்செலவுக்கு ஈடாக உழைப்பை அடகுவைத்து வந்தவன். நம்மவர் கதையும் அதற்கு மாறானதன்று. கங்காணி தன் சொந்த ஊருக்கே சென்று, முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினான். புதியவன் லயத்தில் காலடி வைக்குமுன்னரே அவன் பெயரிற் கடன் ஏறியிருந்தது. இவ்வகை வரவேற்பையே எண்ணிறந்த தமிழர் பெற்றனர். புதியவனைக் கடனாளியாக்கும் வரவேற்பு வரவேற்பாகாது. பணக்கடனுக்கு மட்டுமன்றி நன்றிக்கடனுக்கும் இது பொருந்தும். “உம்மை உள்ளே விட்டோம், ஆகவே அடங்கியிரும்” என்று குறிப்பால் உணர்த்தும் அவையும் கங்காணியின் கணக்கேட்டையே வைத்துக்கொண்டிருக்கிறது.

நாம் செம்பனைத் தோட்டத்துக் கிராணி. புதிய ஆள் ஒருவன் வந்தால், செக்ரோலில் அவன் பெயரை ஏற்றுவது எமது முதல் வேலை. இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வருவோரின் பெயர்களை எழுதுகிறோம். அக்காலக் கிராணிமார் நம் முன்னோர் பெயர்களைத் தம் காதுக்கு எட்டியவாறு எழுதினர், எழுதியதே பெயராயிற்று. ஒருமுறை ஓர் இளைஞனின் பெயரை நாமும் பிழையாக ஏற்றிவிட்டோம். சம்பள நாள் வந்தபோது, அப்பிழைப்பெயரை உரக்கக் கூப்பிட்டும் அவன் அசையாமல் நின்றான். தன்னைத்தான் அழைக்கிறார்களென்று அவனுக்குத் தெரியவில்லை. தோட்டத்திற் பெயரைக் கேட்காமல் எழுதுகிறோம்; அவையிற் பெயரைக் கேட்காமலே மனிதரை எடைபோடுகிறோம். இவ்விரண்டிற்கும் பெரிய பேதமில்லை.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். “வருவோரையெல்லாம் வாருங்கள் வாருங்கள் என்று அழைத்தால் அவையின் தரம் என்னாவது? அறிந்தோர் கூடும் இடத்தில் அரிச்சுவடியையே மாதந்தோறும் படித்துக்கொண்டிருப்பதா? வருகிறவரெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டால், பழையவர் சலித்து விலகிவிடாரா?” என்று அறிஞர் சிலர் கேட்கின்றனர். இவ்வாட்சேபம் வெறும் அகந்தையினாற் பிறந்ததென்று நாம் கூறமாட்டோம். இதில் உண்மையும் உண்டு. அன்று எம் வாயினின்று வந்த சொல்லும் இச்சலிப்பிற் பிறந்ததே.

ஆயின், அக்கேள்வி முன்னமே கேட்கப்பட்டது நமக்கன்றோ? கேட்டவருக்கு அது அன்றுதான் பிறந்தது. ஆசிரியர் நூறாம் முறையாகச் சொல்லும் அகரம், மாணவனுக்கு முதல் அகரமே. மேலும், ஒரு கேள்விக்குப் பழைய விடை ஒன்று உண்டென்பதால் புதிய விடை இல்லையென்று ஆகாது. எமது அவை அனிச்சத்தைப்பற்றிப் பேசி முடித்துவிட்டதாக நினைத்திருந்தது. பேசாத பகுதி கடைச்சீட்டில் எழுதப்பட்டு எம்மிடம் வந்தது.

தரமும் வரவேற்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குச் சரித்திரம் சான்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1727-இல், அச்சுத்தொழிலாளியாயிருந்த பெஞ்சமின் பிராங்க்லின் ஒரு விவாத சபையை நிறுவினார். அதன் பெயர் ஜுண்டோ. நிலமளப்போர், மரவேலை செய்வோர், வியாபாரியிடம் கணக்கெழுதுவோர் ஆகியோர் அதில் அமர்ந்திருந்தனர். புதிதாய்ச் சேருபவரிடம் அவர்கள் பட்டத்தைக் கேட்கவில்லை. இங்குள்ளோரில் எவர்மீதேனும் உமக்கு அவமதிப்பு உண்டா? எத்தொழிலினராயினும் எம்மதத்தினராயினும் மனிதகுலத்தை நேசிக்கிறீரா? கருத்துக்காக ஒருவரைத் துன்புறுத்தலாமென்று நினைக்கிறீரா? உண்மையை உண்மைக்காகவே விரும்புகிறீரா? இந்நான்கே கேள்விகள். அன்றியும், முடிந்த முடிபாகப் பேசுவதும் பிறரை முகத்துக்கு நேராக மறுப்பதும் அங்கே சிறு அபராதத்திற்குரியனவாயின. கவனிக்க வேண்டியது இது: அபராதம் புதியவரின் அறியாமைக்கன்று, அறிந்தவரின் இறுமாப்புக்கே. சபை பெருத்துவிடும் என்றஞ்சியபோதும் அவர்கள் வருவோரை விரட்டவில்லை. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு கிளைச்சபை அமைக்க முயலுமாறு ஏற்பாடு செய்தனர்.

அயல்நாட்டுக்குப் போவானேன்? நமது நாட்டிலேயே 1924 முதல் 2019 வரை நடந்த தமிழ் நேசனில், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950-51-இல் கதை வகுப்பு ஒன்றை நடத்தினர். கதை எழுதுவது எப்படியென்பதைப் பத்திரிகை வாயிலாகவே பாடமாகச் சொல்லி, எழுதி அனுப்பியோரைத் தரம் பிரித்து ஊக்கினர். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1950-களின் தொடக்கத்தில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியைப் பிள்ளைகளுக்கென்றே திறந்து வைத்தது. அப்பத்தாண்டிலேயே தமிழ் நேசனிற் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, இளம் எழுத்தாளரைக் கூட்டி இலக்கியம் பேசினார். இவர்கள் பிழையைப் பிழையென்றே சொன்னார்கள், தரத்தைத் தாழ்த்தவில்லை. ஆனால் முதலிற் கதவைத் திறந்து, இன்ன விதி, இன்ன முறை என்று கற்பித்து, பின்னரே அளந்தார்கள். நாமோ பல சங்கங்களில் முதலில் அளக்கிறோம். அளவிற் குறைந்தவர்க்குக் கதவைச் சாத்துகிறோம். விதியை அறிவிக்காமலே விதி மீறினாய் என்று கடிவது நீதியாகாது. அது வழியிற் குழிவெட்டி வைப்பதை ஒக்கும்.

பவணந்தியார் நன்னூலில் மாணாக்கரை அன்னம் முதல் பன்னாடை ஈறாகத் தரம் பிரித்துக் காட்டியதைப் பலரும் அறிவர். வருகிறவன் பன்னாடையா, இல்லிக்குடமா என்று ஆராய்வதில் நம் அவையினர் வல்லவர். ஆனால் அதே பாயிரத்தில், ஆசிரியராகத் தகாதவர்க்கும் அவர் உவமை கூறியிருத்தலை ஏனோ மறந்துவிடுகின்றனர். அவற்றுள் ஒன்று மடற்பனை. அது தன்மேல் எவரையும் ஏறவிடாது. தானே உதிர்த்த பழம் கிடைத்தாலன்றி ஒருவருக்கும் பயன்படாது. செம்பனையின் முள்மட்டைகளுக்கிடையே நாள் கழிக்கும் எமக்கு இவ்வுவமை நன்கு புலனாகும். குலை மேலே பழுத்திருக்கும். மட்டையை வெட்டி வழிசெய்யாதவனுக்குக் குலை எட்டாது. அறிஞர் அவைகள் பலவும் இத்தகைய மடற்பனைகளே. வழி செய்துகொடுக்க வேண்டியது ஏற வருபவனா, அங்கே இருப்பவனா?

இதற்கு மாறான தீமை ஒன்றும் உண்டு. அது பொய் வரவேற்பு. புதியவர் வந்தவுடன் மாலை, பொன்னாடை, கைத்தட்டல் எல்லாம் நடக்கும். அவர் பேசியதை ஒருவரும் கேட்டிரார். “அருமை, அருமை” என்று மட்டும் சொல்வர். பிழை கண்டும் வாய் திறவார். இதுவும் முகத்தைப் பாராமையே. ஒருவரின் கருத்தை எடுத்து மறுப்பது, அவரை மதித்தலின் அடையாளம். ஆகவே, திருத்துவது குற்றமன்று. பலர் நடுவிற் சிரிப்பதே குற்றம். நாம் ஆங்கிலக் கல்வியே பயின்றவர். இருபது வயதுக்கு மேல் தமிழ் நூல்களைத் தொட்டபோது ழகரம் எம் நாவில் ஏறவில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கூட்டத்தில் நாம் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரும்பும் வழியில் எம்முடன் நடந்து வந்து, “இந்தச் சொல்லை இப்படிச் சொல்லிப் பாருங்கள்” என்பார். அவர் அன்று அவையிலேயே திருத்தியிருந்தால், இக்கட்டுரையை எழுத நாம் இருந்திருக்க மாட்டோம். அவர் எமக்குச் செய்ததை நாம் அவ்விளைஞருக்குச் செய்யவில்லை என்பதே எம்மைச் சுடுகிறது.

ஜெர்மானிய தத்துவஞானி காண்ட், 1795-இல் வெளியிட்ட நிரந்தர சமாதானத்தைப்பற்றிய நூலில், அந்நியனை உபசரித்தல் தர்மசிந்தையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது என்றார். பூமி உருண்டையாதலின் மனிதர் முடிவின்றிச் சிதறிப் போதற்கியலாது. ஒருவரையொருவர் பொறுத்தே ஆகவேண்டும் என்பது அவர் காட்டிய நியாயம். ஆயினும் அவர் கூறிய உரிமை வந்துபோகும் உரிமையே. தங்கி வாழும் உரிமையன்று. நாடுகளுக்கு அவ்வெல்லை பொருந்தலாம். அவைக்கோ அது போதாது. என்றும் விருந்தினராகவே வைக்கப்பட்டவர் என்றும் அந்நியரே. மூன்று தலைமுறையாக இம்மண்ணில் உழைத்த பின்னும் வந்தேறி என்னுஞ் சொல்லைக் கேட்டு மனம் புண்பட்டவர் நாம். அச்சொல்லின் கூர்மையை அறிந்த நாமே, நேற்று வந்த தமிழரை ஊர்க்காரன் என்று ஒதுக்கலாமா? நமக்கு வேண்டாத அளவுகோலைப் பிறர்க்கு வைத்தல் சுயமரியாதையாகாது.

புதியவர்க்குக் கடமையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அவையறிதலுக்கு ஓரதிகாரமும், அவையஞ்சாமைக்கு மற்றோரதிகாரமும் வள்ளுவர் வகுத்திருக்கிறார். பேச வருபவர் அவையின் இயல்பறிந்து பேசவேண்டும். கற்றதை அஞ்சாது சொல்லவும் வேண்டும். படியாமல் வந்து, கேளாமல் பேசி, நேரத்தை வீணாக்குவோரை அன்போடு நிறுத்துவதும் அவைக்குரிய கடமையே. ஆனால் கடமைகளுக்கு ஒரு முறைவரிசை உண்டு. வந்தவர்க்கு இடம் தெரியாது, பெயர்கள் தெரியா, வழக்கம் தெரியாது. இருப்பவர்க்கோ எல்லாம் தெரியும். வலியவர் கடமை முன்னே நடக்க, எளியவர் கடமை பின்னே வருதலே அறம். வள்ளுவர் அவையைப்பற்றிய அதிகாரங்களை அரசனுக்கும் அமைச்சனுக்கும் உரிய பொருட்பாலில் வைத்தார். விருந்தோம்பலையோ இல்லறத்தானுக்குரிய அறத்துப்பாலில் வைத்தார். அவையில் அமர்ந்துவிட்டதனால் இல்லத்து அறம் நம்மை விட்டு நீங்கிவிடுமோ?

ஆகவே, சங்கங்களும் வாசகசாலைகளும் நடத்தும் அன்பர்கள் சில எளிய வழிகளைக் கைக்கொள்ளலாமென்று கருதுகிறோம். புதியவர் வந்தால் ஒருவர் அவர் பக்கத்திற் சென்று அமர்க. பெயரைக் கேட்டு, அவர் சொல்லுகிறபடியே சொல்லுக. கூட்டத்தின் விதிகளைத் தொடக்கத்திலேயே தெரிவிக்க. முன்னமே பேசப்பட்ட கேள்வியை அவர் கேட்டால், விடை சொல்லும் பொறுப்பை, அவருக்கு முந்திச் சேர்ந்தவரிடம் விடுக. அக்கேள்வியின் வருத்தத்தை மறவாதவர் அவரே. பிழையைத் திரும்பும் வழியில் திருத்துக. மூன்றாம் முறை வந்தால் ஒரு பொறுப்பைக் கொடுக்க. நாற்காலி அடுக்குவதாயினும் சரி, ஒரு குறளுக்கு உரை சொல்வதாயினும் சரி. விருந்தினர் விருந்தோம்புபவராக மாறும் நாளே வரவேற்பு நிறைவுறும் நாள்.

இவற்றை எழுதிய பின் அவ்வுணவுக்கடைக்கு மீண்டும் சென்றோம். அன்று நடந்தது எமது பிழையென்று சொன்னோம். சீட்டிலுள்ளதை அவையிற் படிக்கவும் இங்கு வெளியிடவும் அனுமதி கேட்டோம். அவர் சற்று நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னர், “பெயரைப் போட வேண்டாம், அண்ணே, எழுதினது போதும்” என்றார். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் முதற்காரியமாக அச்சீட்டைப் படித்தோம். சிரித்த அன்பர் உட்பட எவரும் சிறிதுநேரம் பேசவில்லை. பின்வரிசையில் ஒரு நாற்காலி அவருக்கென்று காலியாக இருக்கிறது. அதை முன்வரிசைக்கு மாற்ற வேண்டுமென்று ஒருவர் பிரேரேபிக்க, யாவரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர்.

நேயர்களே! தோட்டத்திலும் பட்டணத்திலும் உங்கள் சங்கத்து வாயிலில் இம்மாதமும் யாரோ ஒருவர் தயங்கி நிற்பார். அவர் என்ன கொண்டுவந்திருக்கிறாரென்பது அவர் வாய் திறக்குமுன் ஒருவருக்கும் தெரியாது. முதலில் அவர் முகத்தைப் பாருங்கள்.